கந்தல் காகிதமும் என் கைகளும்

பழைய காகிதம் பழுதுபார்க்கிற தொழிலில் கை நடுங்காமல் இருக்க ஆறு மாதத்தில் பழகிவிடலாம், முகம் நடுங்காமல் இருக்கத்தான் காலம் எடுக்கும். டோர்வல் விமான நிலையத்தில் பத்து வருஷம் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கிவிட்டு, படித்து இந்த வேலைக்கு வந்தவள் நான். அமெரிக்காவில் வெள்ளைக்காரர் குடியேறி ஆண்ட காலத்தில் அச்சான செய்தித்தாள், பஞ்சாங்கம், அறிவித்தல் எல்லாம் மொன்றியலில் எங்கள் பட்டறைக்கு வரும். புது வேலையில் முதல் வருஷம் பயந்து பயந்து கழித்தவர்களுக்கு மிச்சத்தை நான் விளக்கத் தேவையில்லை.

தண்ணீருக்குள் செய்தித்தாள்

முதல் நாள். பொறுப்பாளர் மரி-கிளோட் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். மேசையில் இருநூற்றைம்பது வயதுச் செய்தித்தாள் ஒன்று, தேத்தண்ணி நிறத்தில். அதை மெதுவாகத் தூக்கினார், ஒரு தட்டம் நிறைந்த தண்ணீருக்குள் அப்படியே அமிழ்த்தினார். நான் "ஐயோ!" என்று தமிழில் கத்தி அவருடைய கையைப் பிடித்துவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. அந்தக் காலத்துக் காகிதம் கந்தல் துணியை ஊறவைத்து இடித்துச் செய்தது, அச்சு மையோ எண்ணெயில் குழைத்த கரி, இரண்டும் தண்ணீருக்கு அசையாது என்றார். பார்த்துக்கொண்டிருக்கவே அழுக்கு மஞ்சளாகக் கரைந்து இறங்கியது. எழுத்து ஒன்றுகூடக் கலையவில்லை. நான் பிடித்த கையை இன்னும் விடவில்லை. அவர் பிரெஞ்சில் சொன்னதை எங்கள் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இது துணிதான் பிள்ளை. துணியைத் தோய்க்கிறதுக்கு ஏன் அழுறாய்?"

அண்ணன் தம்பிப் பேப்பர்

புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் ஒரு படச் சட்டத்தைக் கம்பளியால் சுற்றிக் கொண்டுவந்தார். அவரும் தம்பியும் சேர்ந்து பழைய சாமான் விற்ற வீடொன்றில் வாங்கினதாம். படத்துக்குப் பின்னால் பாஸ்டன் நகரத்துச் செய்தித்தாள் ஒன்று இருந்திருக்கிறது. பெரிய விலை போகும் என்று யாரோ சொல்ல, அது யாருக்கு என்று சண்டை. நாலு மாதமாகத் தம்பியோடு கதையில்லை.

தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். கையால் செய்த காகிதத்தில் கூழை வடித்த சல்லடையின் கம்பி வரிகள் தெரியும். இதில் ஒன்றுமில்லை. பிற்காலத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு அடித்து விற்ற நகல். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மூன்று தரம் கண்ணாடியைத் துடைத்தேன். சொன்னதும் அவர் கதிரையில் சாய்ந்து, நெஞ்சு இறங்க ஒரு மூச்சு விட்டார். அங்கேயே நின்று போன் எடுத்தார். "தம்பி, அது சும்மா பேப்பராம். பின்னேரம் வீட்ட வா, சாப்பிடுவம்."

காணாமல் போன நிலா

பனிக்காலத்தில் இங்கே காற்று எப்படிக் காயும் என்று உங்களுக்குத் தெரியும். கதவுப் பிடியைத் தொட்டாலே சுள்ளென்று மின்சாரம் அடிக்கும். அப்படியொரு நாள் பஞ்சாங்கத் தாளொன்றின் உடைந்த துண்டை ஒட்ட எடுத்தேன். நகத்தளவு, அதில் பாதி நிலாப் படம். பசையைத் தொட்டுத் திரும்பினால் துண்டு இல்லை.

என் வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று கிழமை இருந்தது. மறைக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், பொய் சொல்லமாட்டேன். பிறகு போய்ச் சொன்னேன். எல்லோரும் முழங்காலில் நின்று நிலம் முழுக்கத் தடவினோம். குப்பைப் பையையும் கொட்டிப் பார்த்தோம். நான் அழத் தொடங்கியபோது, கூட வேலை செய்யும் எமானுவேல் என் முழங்கையைத் தொட்டுக் காட்டினார். கம்பளி ஸ்வெட்டரில் நிலா ஒட்டிக்கொண்டிருந்தது. மரி-கிளோட் அதைச் சாமணத்தால் எடுத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நாளைக்குப் பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு வா. ஆனால் கட்டாயம் வா."

பரிசு இரட்டிப்பு

எமானுவேல் ஹெய்ட்டிக்காரர், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியில் வந்தவர். குரல் உயர்த்தியே நான் கேட்டதில்லை. ஒரு செய்தித்தாளின் பழைய இதழ்களை நாங்கள் இருவரும் வரிசையாகத் தோய்த்துக்கொண்டிருந்தோம். ஓர் இதழின் மூலையில் சின்ன விளம்பரம்: டிக் என்ற அடிமை ஓடிவிட்டான், நீல மேல்சட்டை, இடது கன்னத்தில் தழும்பு, பிடித்துத் தருபவருக்குப் பரிசு. அடுத்த கிழமை இதழிலும் அதே விளம்பரம். அதற்கடுத்ததிலும். விளம்பரம் வந்தால் ஆள் அகப்படவில்லை என்று அர்த்தம். பிறகு ஒவ்வொரு தாளும் ஈரம் சொட்ட வெளியே வரும்போது இரண்டு பேரும் முதலில் அந்த மூலையைத்தான் பார்ப்போம். நானும் ஒளித்து ஒளித்து நாடு விட்டு வந்தவள். எனக்கு அது பழைய சங்கதியாகத் தெரியவில்லை.

ஒன்பதாவது இதழில் விளம்பரம் இல்லை. பத்தாவதிலும் இல்லை. எமானுவேல் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுபோனார். மூன்றாம் நாள் ஒரு தாளை விரித்தேன். அதே டிக், அதே தழும்பு, இந்தத் தடவை பெரிய எழுத்தில், பரிசு இரட்டிப்பாக. "எமானுவேல்!" என்று கூப்பிட்டேன். வந்து ஒரு தரம் வாசித்தார், திரும்ப வாசித்தார், பட்டறை முழுக்கக் கேட்கக் கத்தினார்: "இன்னும் பிடிக்கேல்லை! ஓடு தம்பி, ஓடு!"

இந்த வேலையில் காகிதத்துக்கு ஒரு நாள்கூட வயது ஏறவிடாமல் பார்த்துக்கொள்கிறோம், அதன் பங்கையும் சேர்த்து எங்கள் தலையில்தான் நரை ஏறுகிறது.