கோவில் வாசல்வரைதான் கொடி

டிம்ப்னா ஹெரிட்டியைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பவர்களுக்கு: நான் அவள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி இருக்கிறேன். அவள் தம்பியையும் அம்மாவையும் கடைசியாக வண்டியில் ஏற்றிப் போனவன் நான்தான். எல்லையோர ஊரான ஸ்ட்ராபேனில் சவ வண்டி ஓட்டுகிற ஃபான்ஸி என்றால் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கும் ஒருநாள் தெரியவரும்.

அவள் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தாள். பதினைந்து வயதில் உட்கார்ந்தவள், ஆலையை மூடும்வரை அதே நாற்காலியில் இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பஸ் டிரைவர் இரண்டு வருஷம் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு அலுத்துப்போய் டெர்ரியில் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துமூன்றில் அவள் அப்பாவை ராணுவச் சோதனைச் சாவடியில் சுட்டுப் போட்டார்கள். அப்போது தம்பி யூனனுக்குப் பதினாறு வயது. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு போட்டது, அதட்டியது, அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்தது எல்லாம் அவள்தான். அம்மா கேஸி ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் பூசைக்கு மட்டும் எழுந்து போவாள்.

டிம்ப்னாவும் போவாள். எங்கள் தெருவில் யார்தான் போகமாட்டார்கள்? ஆனால் மற்றவர்கள் போவது வேறு, அவள் போவது வேறு. நான் எத்தனையோ பூசைகளில் பின்வரிசையில் நின்றிருக்கிறேன். முழங்காலில் இருப்பவர்களில் யார் சாமியிடம் பேசுகிறார்கள், யார் அடுப்பில் வைத்த உருளைக்கிழங்கை நினைக்கிறார்கள் என்று எனக்கு அத்துப்படி. இவள் பேசுகிறவள். அதை யாரிடமும் காட்டிக்கொள்ளவும் மாட்டாள்.

யூனன் எழுபத்தெட்டில் சிறைக்குள் போனான். என்ன செய்தான் என்று நான் கேட்டதில்லை, எங்கள் ஊரில் அதைக் கேட்பதும் வழக்கமில்லை. நான் போராளி, குற்றவாளி இல்லை, கைதி உடுப்பைப் போடமாட்டேன் என்று போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தவர்களில் அவனும் ஒருவன். ஒருநாள் சிறைக்குப் போய்வருகிற சாமியார் ஒருவர் கேஸியின் வீட்டுக்கு வந்தார். தேநீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "உங்க மகன் ஒரு ஞாயித்துக்கிழமை பூசையக்கூட விட்டதில்லம்மா. நன்மை அப்பத்த வாங்காம திரும்புறதும் இல்ல."

அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தை கேஸி பதிமூன்று வருஷம் சொன்னாள். ரொட்டிக் கடையில் சொன்னாள், கசாப்புக் கடையில் சொன்னாள். வீட்டில் ரேடியோ ஓடாத நேரமெல்லாம் சொன்னாள்.

மாதம் ஒருமுறை தம்பியைப் பார்க்கப் போனவள் டிம்ப்னா. அவன் பூசைக்குப் போகிறான் என்ற சந்தோஷத்தில் ஒருமுறை கேட்டிருக்கிறாள், "யாருக்காகடா வேண்டிக்கிற?"

அவன் சிரித்துவிட்டான். "பூசையா? அது எங்களுக்குத் தபாலாபீஸ், அக்கா. வாரத்துக்கு ஒருமுறை எல்லா அறைக்காரனும் ஒண்ணா நிக்கிற இடம் அது ஒண்ணுதான். சிகரெட் தாள்ல எழுதின சேதி எல்லாம் அங்கதான் கை மாறும். அதுக்காகத்தான் அந்த உடுப்புக் கால்சட்டையக்கூட ஒரு மணி நேரம் மாட்டிக்கிறேன்."

"அப்ப நன்மை வாங்குறது?"

"வாங்கலன்னா வார்டர் சந்தேகப்படுவான்."

இதை அவள் என்னிடம் ரொம்ப நாள் கழித்துச் சொன்னாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. நம்பிக்கை இல்லாமல் நற்கருணையை, அந்த நன்மை அப்பத்தை, நாக்கில் வாங்குவது அவளுக்கு எப்பேர்ப்பட்ட பாவம் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. அதன்பிறகு ஒவ்வொரு முறை பார்த்துவிட்டு வரும்போதும் பஸ்ஸிலேயே அழுதுகொண்டு வருவாள். வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா அடுப்படியில் சொல்லிக்கொண்டிருப்பாள், ஒரு பூசையக்கூட விட்டதில்ல. இவள் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் பாத்திரம் கழுவுவாள்.

எண்பத்தைந்தில் அவன் வெளியே வந்தான். மரக்கிடங்கில் வேலை கிடைத்தது. கோவில் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கேஸி கேட்பவர்களிடம், "பாலத்துக்கு அந்தப் பக்கம் லிஃபர்ட்ல சாயங்காலப் பூசைக்குப் போறான்" என்றாள். லிஃபர்டுக்குப் போனது உண்மைதான். அங்கே அவன் மண்டியிட்டது குதிரைப் பந்தயக் கடையில் கீழே விழுந்த சீட்டைப் பொறுக்கத்தான். இது தெருவுக்கே தெரியும். யாரும் கேஸியிடம் சொல்லவில்லை. நாங்கள் அந்த அளவுக்கு நல்லவர்கள்.

தொண்ணூற்றொன்றில் நுரையீரலில் புற்று. நாலு மாதத்தில் ஆள் எலும்பும் தோலும் ஆகிவிட்டான். ஒருநாள் மதியம், அம்மா பூசைக்குப் போயிருந்தபோது, அக்காவைக் கூப்பிட்டான்.

"எனக்குச் சாமியார் வேணாம், பூசை வேணாம். கொடியப் போர்த்தி வீட்டுலேர்ந்து நேரா கல்லறைக்குக் கொண்டுபோங்க."

"ஜெயில்ல பட்டினிப் போராட்டம் இருந்து செத்தவங்களத் திட்டின சாமியாருங்க மேல கோபமாடா?"

"கோபமெல்லாம் இல்லக்கா. சாமியாருங்க மேலயும் இல்ல, அவங்க சாமி மேலயும் இல்ல. இல்லாத ஒருத்தர் மேல எப்படிக் கோபம் வரும்?" மூச்சு வாங்கியது. "உன் செபமாலை மேல சத்தியம் பண்ணு. எனக்கு அது வெறும் மணி. உனக்கு அப்படி இல்ல. அதனாலதான் உங்கிட்டக் கேக்குறேன்."

மாலையைக் கையில் வைத்துச் சத்தியம் பண்ணினாள். அதைச் செய்யும்போதே தம்பியின் ஆன்மாவைத் தன் கையால் தள்ளிவிடுவதாகத்தான் நினைத்தாள். இருந்தாலும் பண்ணினாள்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அவன் போய்ச் சேர்ந்தான். பெட்டியை முன்னறையில் வைத்தோம். இயக்கத்துக்காரன் மனுஸ் வந்து பச்சை வெள்ளை ஆரஞ்சுக் கொடியைப் போர்த்தி, அதன்மேல் இயக்கத்தாரின் கறுப்புத் தொப்பியையும் கையுறையையும் வைத்தான். பங்குச் சாமியார் டெவென்னி வந்து வியாழன் காலை பதினோரு மணிப் பூசை என்று அவரே நாள் குறித்துவிட்டுப் போனார். கொடி கோவிலுக்குள் வரக்கூடாது என்பது ஆயர் கட்டளை. அதற்கும் ஊரில் ஒரு ஏற்பாடு உண்டு. கோவில் வாசலில் வண்டி நிற்கும். நானும் மனுஸும் இறங்கிக் கொடியை மடிப்போம். பெட்டி மட்டும் உள்ளே போகும். பூசை முடிந்து வாசலைத் தாண்டியதும் மறுபடி போர்த்துவோம். நடுவில் அந்த ஐம்பது நிமிஷம் கொடி என் வண்டியின் முன் இருக்கையில் கிடக்கும், நான் பக்கத்தில் நின்று புகை பிடிப்பேன். கடவுளுக்குப் பாதி வழி, நாட்டுக்குப் பாதி வழி. இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு.

புதன்கிழமை மத்தியானம் டிம்ப்னா என்னைக் கொல்லைப்புறத்துக்குக் கூப்பிட்டாள்.

"ஃபான்ஸி, நாளைக்குக் கோவில்ல நிறுத்தாத. நேரா கல்லறைக்குப் போ."

நான் பதில் சொல்வதற்குள், கரி எடுக்க வந்த மனுஸ் அதைக் கேட்டுவிட்டான். அவனுக்குச் சாமியாரைக் கண்டாலே ஆகாது. இயக்கத்தைத் திட்டிய பிரசங்கத்தின் நடுவில் எழுந்து போனவன். அவன் முகம் சிவந்துவிட்டது.

"பூசை இல்லாம புதைக்க அவன் என்ன நாயா? எதிராளி பேப்பர்ல என்ன எழுதுவான்? சாமி இல்லாத கூட்டம்னு எழுதுவான். நம்ம ஜனங்க நம்மள விட்டுட்டுப் போயிடும், டிம்ப்னா."

"அவன் நம்பல, மனுஸ்."

"நான் மட்டும் நம்புறேனா? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அவனுக்கு அது நியாயமாகவே பட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் பட்டது.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று நான் கேட்டேன்.

"போய்ச் சொல்றேன்" என்று உள்ளே போனாள். நான் வாசற்படியிலிருந்து பார்த்தேன். கேஸி பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மகள் குனிந்து வாயைத் திறப்பதற்குள், துக்கத்துக்கு வந்த யாரிடமோ அம்மா சொல்லத் தொடங்கிவிட்டாள்: "உள்ள இருந்தப்பக்கூட ஒரு பூசைய விட்டதில்ல..."  டிம்ப்னா குனிந்தபடியே அம்மாவின் கையிலிருந்த காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"கோவிலுக்கே போ."

அவள் முகத்தில் ஒன்றுமில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை தூறல். வாசலில் நிறுத்தி, கொடியை மடித்தோம். பெட்டி உள்ளே போயிற்று, கேஸி பின்னால் போனாள், மனுஸ் போனான், தெருவே போனது. நான் கொடியை வண்டியில் வைக்கத் திரும்பினேன். டிம்ப்னா கையை நீட்டினாள்.

"குடு. நான் வச்சிருக்கேன்."

"மழை பெய்யுது. உள்ள போ. உன் தம்பி பூசை."

"அவன் பூசை இல்ல."

அந்த ஐம்பது நிமிஷமும் வாசல் தூணுக்குப் பக்கத்தில், கொடியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். தொப்பியும் கையுறையும் அதன்மேல் இருந்தன. உள்ளே மணி அடித்தபோது மட்டும் தலை தானாகக் குனிந்தது. அந்த வீட்டில் நம்புகிற ஒரே ஆள் வெளியே நின்றாள். அந்த நேரம் எனக்கு அது தெரியவில்லை. சிகரெட் நனைகிறதே என்று எரிச்சல்தான் வந்தது.

அடக்கம் முடிந்து அம்மாவையும் மகளையும் முதலாளியின் காரில் நான்தான் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். பின்னால் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பாலத்தருகே ராணுவச் சோதனைக்கு வரிசை நின்றது. அங்கே காத்திருக்கும்போது கேஸி கேட்டாள்:

"ஏன்டி உள்ள வரல?"

"பூசை வேணாம்னான், அம்மா. மாலை மேல சத்தியம் வாங்கிட்டான். உனக்காகத்தான் மீறினேன்."

"எனக்காகவா?" கேஸி கண்ணாடியில் படிந்திருந்த ஆவியை விரலால் துடைத்தாள். "உங்கப்பாவக் கொண்டாந்து போட்டப்ப, அப்ப இருந்த சாமியார் கடவுள் சித்தம்னாரு. அன்னிக்கே எனக்கு விட்டுப்போச்சுடி. பதினெட்டு வருஷம் ஆச்சு."

"தினம் பூசைக்குப் போறியே?"

"வேற எங்க போறது? போகலன்னா இந்தத் தெருவுல நான் யாரு?"

"அவன் ஒரு பூசைய விட்டதில்லன்னு சொல்லிச் சொல்லி..."

"அது உனக்காக. அஞ்சு வயசுல ஞானோபதேச வகுப்புலேர்ந்து ஓடி வந்த பய, ஜெயில்ல போயா பக்தனாகப் போறான்? எனக்கா தெரியாது அவன? நீ ஒவ்வொரு தடவ பாத்துட்டு வந்தும் அழுத. தம்பி சாமிய விட்டுட்டான்னு தாங்க மாட்டேங்கிறன்னு நெனச்சேன். ஆறுதலா இருக்கட்டும்னு உன் காதுபடச் சொல்லிட்டே இருந்தேன். இன்னிக்குப் பூசைகூட உனக்காகத்தான்னு உக்காந்திருந்தேன்."

சிப்பாய் வந்து கண்ணாடியைத் தட்டினான். எங்கிருந்து வருகிறீர்கள் என்றான். அடக்கத்திலிருந்து என்றேன். போ என்றான்.

கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்தேன். டிம்ப்னா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாழ்க்கையில் இருந்தது ஒரே ஒரு சத்தியம். அதை ஒருவருக்காக மீறினாள், அந்த ஒருவருக்கோ அது தேவையே இல்லை.  அவளுக்கு உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஹாம் சாண்ட்விச்சை எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தாள்.

அந்த மாலையை அவள் மறுபடி தொடவில்லை. பூசைக்கு வருவாள், செபம் சொல்வாள், விரல் மடக்கி எண்ணிக்கொள்வாள். தொழிற்சாலையில் காலர் தைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கோழி வேகவைத்தாள். கேட்டால் நல்லா இருக்கேன் என்பாள். ஐந்து வருஷம் இப்படியே போயிற்று.

தொண்ணூற்றாறில் கேஸி போனாள். டிம்ப்னா என் வீட்டுக் கதவைத் தட்டி, "அம்மாவும் பூசை வேணாம்னு சொல்லிட்டா. நாளைக்கு நேரா கல்லறைக்கு, ஃபான்ஸி. இந்தத் தடவ மாத்தமாட்டேன்" என்றாள். தெருவே கொதித்தது. தினம் பூசை பார்த்த கிழவியைப் பூசை இல்லாமலா? மகளுக்குப் பைத்தியம் என்றார்கள். சாமியார் டெவென்னி இரண்டு முறை வந்து கெஞ்சினார். அவள் அவருக்குத் தேநீர் மட்டும் கொடுத்து அனுப்பினாள். அம்மாதான் வேண்டாம் என்றாள் என்று தெருவிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி அவள்மேல் வந்திருக்காது. ஆனால் பக்தியுள்ள கிழவி என்று தெருவில் அம்மாவுக்கு இருந்த பெயர் கெட்டிருக்கும். சொல்லவில்லை.

கோவில் வாசலில் என் கால் பழக்கத்தில் பிரேக்கை மிதிக்கப் பார்த்தது. எடுத்துக்கொண்டேன். கல்லறையில் எட்டுப் பேர்தான். பெட்டிமேல் கொடியும் இல்லை, ஒன்றும் இல்லை. குழியில் இறக்கினோம். செபம் எதுவும் இல்லை. டிம்ப்னாவின் விரல்கள் எதையும் எண்ணாமல் கோட்டுப் பையின் விளிம்பில் அசையாமல் இருந்தன. மண் தள்ளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மற்றவர்கள் போனபிறகு எனக்குப் பொறுக்கவில்லை. "உனக்காகவாவது ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்லியிருக்கலாமே? மெதுவா, மனசுக்குள்ள. அம்மாவுக்குக் கேக்கவா போகுது?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"கேக்காதுன்னு நம்பியிருந்தா சொல்லியிருப்பேன், ஃபான்ஸி."