மணிலாக்காரியின் குதிரை

நீலாம்பாள் உயிருள்ள குதிரையைப் பார்த்ததே இல்லை. அவளுக்குத் தெரிந்தது கீழக்கரம்பை வயல்களுக்கு நடுவே அய்யனாருக்கு முன் நின்ற மண்குதிரைதான். அவள் தெருப் பெண்கள் வரப்போடு நின்று கும்பிட வேண்டும். மார்கழிப் பனியில் கால்கள் மறைந்து, அந்தக் குதிரை பயிர்மேல் மிதந்து வருவது போலிருக்கும்.

இரண்டாவது குதிரை காலண்டரில் வந்தது. நாகூர் அஹமது கபீர் முன்பு ஒரு கப்பலில் சமையல்காரராக இருந்தவர். ஊர் திரும்பி, சைக்கிளில் கருவாடு விற்றார். மணிலாவில் வாங்கிய காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவளிடம் கொடுத்தார். பாயும் குதிரை, அதன்மேல் ஒருத்தி, ஓங்கிய அரிவாளோடு.

“எந்த ஊர் அம்மன் பாய் இது?”

“அம்மன் இல்ல தங்கச்சி. கேப்ரியேலா சிலாங், பிலிப்பைன்காரி. ஸ்பெயின்காரன் கேட்ட வரி தாங்காம இவ புருஷன் சண்டைக்கு எழுந்தான். கூட இருந்தவனே அவனச் சுட்டுட்டான். அப்புறம் இவ குதிரை ஏறுனா. இருநூறு வருஷம் ஆச்சு. அப்பதான் இங்கிலீஷ்காரன் மதராஸ்லேருந்து சிப்பாய்ங்களக் கூட்டிட்டுப் போயி மணிலாவப் புடிச்சான். கொஞ்சம் பேரு அங்கயே தங்கிட்டாங்களாம்.”

“கடைசியில இவ என்ன ஆனா?”

கபீர் சைக்கிள் மணியைத் துடைத்தார். “எங்கயாவது ஓடிக்கிட்டிருப்பா.”

அவள் புருஷன் ஐயாவு சிரித்தான். “மணிலாக்கொட்டை வெளையுற ஊர்ல பொம்பளைங்க குதிரை ஏறுறாளுவ. நீ ஒரு கழுதையாச்சும் ஏறுவியா?”

“ஒன்னக் கட்டிக்கிட்டேன்ல, அது போதாதா?”

தாள் குடிசைச் சுவரில் ஏறியது. நடவின்போது குனிந்த தலைக்குள் நீலாம்பாள் அந்தக் குதிரையை ஓட்டுவாள். கடலுக்கு அப்பாலும் இதே சேறு, இதே நாற்று. திரும்பி வராத சிப்பாய் ஒருவன் அங்கே வரப்பில் உட்கார்ந்து தமிழில் ஏதோ முணுமுணுப்பான். குதிரையின் குளம்பு மட்டும் சேற்றில் புதையாது.

ஐயாவு அந்தத் தெருவின் விவசாயத் தொழிலாளர் சங்கத்தை நடத்தியவன். எழுபத்து மூன்றாம் வருடம், அறுவடைத் தகராறில் தலையில் அடிபட்டு நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். யார் அடித்தது என்று கோர்ட்டில் தெளிவாகவில்லை.

பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருக்கிற கூலியாட்களுக்கு அந்த மனை சொந்தம் என்று அரசு சட்டம் போட்டிருந்தது. அதிகாரி நேரில் பார்த்து எழுத வருவதாக இருந்தது. அதற்கு முதல் நாள் பண்ணையின் காரியக்காரர் கோவிந்தராசு வாசலில் வந்து நின்றார்.

“ஐயாவுதான் போயிட்டானே, ஒங்கப்பன் வீட்டுக்குப் போ. காலையில ஆள் வந்து குடிசையப் பிரிச்சிருவாங்க.”

அதிகாரி வரும்போது குடிசை இல்லாவிட்டால், எழுதுவதற்கு மனை இல்லை.

அன்று மாலை கபீர் வந்தார். அவள் கருவாட்டைத் தொடவில்லை.

“பாய், நெசத்தச் சொல்லுங்க. அவ கடைசியில என்ன ஆனா?”

“புடிச்சுத் தூக்குல போட்டுட்டாங்க தங்கச்சி. நாலு மாசந்தான் குதிரை மேல இருந்தா.”

அவள் சுவரைப் பார்த்தாள். “எனக்கு நாளைக்கு ஒரு பகல் போதும் பாய்.”

விடிந்ததும் கைக்குழந்தையைப் பக்கத்துக் குடிசை அம்சத்திடம் கொடுத்தாள். வைக்கோல் போரில் கால் வைத்துக் கூரைமேல் ஏறி, முகட்டில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள். இடுப்பில் கதிர் அரிவாள்.

கடப்பாரையோடு வந்த ஆட்கள் அண்ணாந்து நின்றார்கள்.

“கீழ எறங்குடி!” என்றார் கோவிந்தராசு.

“மாட்டேங்க. பிரிக்கிறதுன்னா என்னோட சேத்துப் பிரிங்க.”

“ஏங்க, கொலைக்கேசு ஆயிரும்,” என்று ஒருவன் கடப்பாரையைக் கீழே போட்டான்.

“பாத்து ஏறுங்க தம்பி, குதிரை ஒதைக்கும்!” என்று அம்சம் கீழிருந்து கூவினாள். பெண்கள் சிரித்தார்கள். ஆட்களில் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

வெயில் ஏறியது. தாகத்தில் அவளுக்குக் கண் செருகியது. வேதாரண்யம் பக்கமிருந்து உப்புக்காற்று வந்தபோது கீற்று சலசலத்து, முகடு அவள் தொடைகளுக்கு நடுவே மூச்சு விட்டது. குடிசை தன் நான்கு கால்களையும் மண்ணிலிருந்து மெல்ல உருவிக்கொண்டு கதிர்களின்மேல் நடந்தது. தூரத்து வரப்பில் அந்தச் சிப்பாய் எழுந்து நின்றான். பக்கத்தில் ஐயாவு, வாயில் அதே சிரிப்பு. எங்கோ ஒரு குழந்தை அழுதது. அவளுடையது. கண்ணைத் திறந்து முகட்டை இறுகப் பிடித்தாள்.

மதியத்துக்குமேல் ஜீப் வந்தது. “இங்க யாரும்மா குடியிருக்கிறது?” என்று அதிகாரி கேட்டார்.

“நான்தாங்க. நீலாம்பாள், ஐயாவு சம்சாரம். எழுதுங்க, எறங்குறேன்.”

அவர் கோவிந்தராசைப் பார்த்தார். பிறகு ஜீப்பின் முகப்பில் காகிதத்தை வைத்து எழுதினார்.

அவள் உடனே இறங்கவில்லை. அய்யனார் குதிரையின் முதுகு அங்கிருந்து தெரிந்தது. அதில் ஒரு கொக்கு உட்கார்ந்திருந்தது.

எழுபத்தேழு புயல் கூரையையும் காலண்டர் தாளையும் சேர்த்துக் கொண்டுபோனது. மனை இருந்தது. நீலாம்பாள் அதே இடத்தில் மூங்கில் நட்டுக்கொண்டிருந்தபோது கபீர் வந்தார்.

“படமும் போயிருச்சா தங்கச்சி?”

“எங்கயாவது ஓடிக்கிட்டிருப்பா பாய். இந்தக் கயித்தக் கொஞ்சம் புடிங்க.”