கண்ணாடித் தகட்டில் அப்பா

அப்பா கல்யாணச் சமையல்காரர். ஸ்ரீரங்கத்தில் விறகடுப்புகளின் முன்னால் நின்றே வயதானவர். பெருமாளுக்குப் படைக்கும்வரை எதையும் வாயில் வைக்க மாட்டார். உப்பு போதுமா என்பதை வாசனையிலேயே சொல்லிவிடுவார். எச்சில் என்றால் அவருக்கு அப்படியொரு அருவருப்பு.

அந்த மனிதரிடம்தான் தில்லை நகர் டாக்டர் ஒரு டப்பாவைக் கொடுத்து, காலையில் எழுந்ததும் வேறெதுவும் செய்யாமல், ஆழமாக இருமிச் சளியைத் துப்பித் தரச் சொன்னார். ஸ்கேனில் வலது நுரையீரலில் ஒரு கட்டி தெரிந்தது. புற்றுநோயா, காசநோயா என்று செல்களைப் பார்த்தால்தான் தெரியுமாம்.

மறுநாள் அப்பா பல் தேய்த்து, குளித்து, திருமண் இட்டு, வாயைப் பலமுறை கொப்பளித்து, டப்பாவையும் அலம்பிக்கொண்ட பிறகே துப்பினார்.

"அப்பா, பரிசோதனைக்கா, பந்திக்கா?" என்றேன்.

"போடா. நாலு பேர் பாக்கற வஸ்து. அழுக்கா குடுக்கறதா?"

லேப் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இதுல வாயோட செல்லுதான் இருக்கு. நுரையீரல்லேருந்து வந்திருந்தா தூசியை முழுங்கின செல்லு தெரியும். ஒண்ணுகூட இல்லையே. என்னதான் பண்ணாரு?"

"ஆசாரமா துப்பினார், மேடம்."

அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் கட்டியிலிருந்தே சதை எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்துக்கொண்டே அப்பாவின் முதுகு வழியாக ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். மருந்துத் தண்ணீருக்குள் அது மெல்லிய வெள்ளை நூலாக மிதந்தது. லேபில் கொடுக்கச் சொல்லிப் பாட்டிலை என்னிடம் தந்தார்கள்.

"உங்ககிட்டேர்ந்து சேவை பிழிஞ்சுட்டாப்பா."

"அசடே, கீழ போடாம கொண்டு போ."

இரண்டு தெருதான். பாட்டிலை வெயிலில் உயர்த்திப் பார்த்தபடி நடந்தேன். அந்த நூலுக்குள் எத்தனை கல்யாணங்களின் புகை இருக்கும்? ஆட்டோ ஹாரன்கள் எங்கோ தண்ணீருக்கடியில் ஒலிப்பதுபோல் அமுங்கின. தெருவே என் கைக்குள் மிதப்பதுபோல் இருந்தது.

முடிவு வாங்கப் போன அன்று, "எங்கப்பாவை ஒருதரம் காட்டுங்களேன், மேடம்" என்று கெஞ்சினேன். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பார்க்கிற மைக்ராஸ்கோப் அது.

குனிந்தேன். வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு வானம். ஓரமாகக் கரும்பொட்டுகள், விறகுப் புகை என்றார். வானம் மெல்ல நகர்ந்தது. ஊதாப் பூக்கள் வளையம் வளையமாக, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வந்தன. எவ்வளவு நேரம் பார்த்தேனோ.

"ரொம்ப அழகா இருக்கு, மேடம்."

நான் தலையை நிமிர்த்தினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"அதுதான் தம்பி புற்றுநோய்" என்றார் மெதுவாக. "ஸ்கேன்ல பரவின மாதிரி இல்லைன்னு உங்க டாக்டர் சொன்னாரு. ஆபரேஷன் பண்ண முடியுமான்னு அவர்கிட்ட பேசுங்க."

டாக்டரையும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அப்பா காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தார். மறைக்கத் தெரியவில்லை, புற்றுநோய் என்பதையும் ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொன்னதையும் சொல்லிவிட்டேன். கத்தி நின்றது.

"நீ பாத்தியா?"

"பாத்தேம்ப்பா."

"எப்படியிருந்தது?"

பொய் வரவில்லை. "அழகா இருந்ததுப்பா."

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்கிட்டேர்ந்து அழகா வந்தது அது ஒண்ணுதான்டா" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. முதுகைத் தடவிக் கொடுத்தேன். இருமல் அடங்க வெகுநேரமாயிற்று.

"ஆபரேஷனுக்கு என்னிக்கு வரச் சொன்னா?" என்றார்.