ரண்டர்ஸ் பயணமும் இருபத்தெட்டு வாக்குக் கணிப்பும்

போன சனிக்கிழமை கோப்பன்ஹேகனிலிருந்து ரண்டர்ஸுக்குப் போய் வந்தேன். ஊர் பார்க்க அல்ல, என் தங்கச்சி தோற்பதைப் பார்க்க. இப்படிச் சொன்னால் கொடுமைக்காரி என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், விளக்குகிறேன்.

தங்கச்சி ஜசிந்தா ரண்டர்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறாள். நவம்பரில் நகரசபைத் தேர்தல். அவளுடைய கட்சியின் பட்டியலில் முதலாம் இடம் யாருக்கு என்று உள்ளூர் உறுப்பினர்கள் கூடி வாக்களித்துத் தீர்மானிப்பார்கள். அமெரிக்காவில் மாநிலம் மாநிலமாக நடக்கிற முதற்கட்டத் தேர்தலின் குட்டி வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டி இரண்டே பேருக்குள்: இவளும், ஓய்வுபெற்ற ஆசிரியர் பென்ட்டும்.

நானோ எங்கள் குடும்பத்துத் தேர்தல் சாத்திரக்காரி. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. இடைவேளையில், அமெரிக்காவில் எந்த மாநிலத்து முதற்கட்டத் தேர்தலில் எவர் வெல்வார் என்று சொல்வேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எங்கள் தொழிற்சங்கப் பிரதிநிதித் தேர்தலை மூன்று தடவை தப்பாமல் சொன்னேன். அந்தத் தலைக்கனம் எனக்கு உண்டு, ஒளிக்கவில்லை.

மூன்று கிழமைக்கு முன் ஜசிந்தா தொலைபேசியில் வந்தாள். "அக்கா, கூட்டத்துக்கு வாறவையின்ர விவரம் எல்லாம் சொல்லுறன். வெல்லுவனோ எண்டு கணக்குப் பாத்துச் சொல்லுங்கோ" என்றாள். ஒரு மணி நேரம் கதைத்தோம். இன்னார் "நல்ல முயற்சி" என்றார், இன்னார் கைகுலுக்கினார் என்று எல்லோரையும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டே போனாள். முப்பது வருஷமாக டேனிஷ்காரரோடு வேலை செய்கிறேன். மரியாதைக்குச் சொல்லும் நல்ல வார்த்தை வாக்காகாது என்று எனக்குத் தெரியும். "எழுபது பேர் வந்தா உனக்கு இருபத்தெட்டு. தோக்கப்போறாய்" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். "ஓம் அக்கா, சரி" என்று வைத்துவிட்டாள்.

ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்ததும் என்னை அழைப்பவள் அவள். அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு அழைப்பு இல்லை. அதனால்தான் இந்தப் பயணம்.

காலை 7.27க்கு ரயில். முன்கூட்டியே எடுத்தபடியால் ஒருவழிச் சீட்டு 199 குரோனர். மூன்று மணி 23 நிமிடப் பயணம். வீதியால் போனால் சுமார் 340 கிலோமீற்றர். அமைதிப் பெட்டியில் இடம் பதிந்தது என் பிழை. பக்கத்து இருக்கைக்காரர் நான் இருமியதற்கே திரும்பிப் பார்த்தார். ஆனால் கணக்குப் பார்க்க நல்ல இடம். கொப்பியை எடுத்து, பாசத்தையும் சேர்த்து, மறுபடி கூட்டிப் பார்த்தேன். கடல் பாலம் தாண்டும்போதும் இருபத்தெட்டு, ஓகூஸிலும் இருபத்தெட்டு. ஓகூஸ் நிலையத்தில் ரயில் திரும்பிப் புறப்படும். அதுவரை முன்பக்கம் பார்த்து இருந்தவர்கள் பிறகு பின்பக்கம் பார்த்துப் போக வேண்டும். தலை சுற்றுபவர்கள் கவனியுங்கள்.

ரண்டர்ஸ் நிலையத்தில் ஜசிந்தாவின் கணவர் தாசன் காருடன் நின்றார். "வாங்கோ மச்சாள். சந்தோசம். ஆனா வீட்டில அந்த இருபத்தெட்டைக் கதைச்சுப்போடாதேங்கோ" என்றார். வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் ஜசிந்தா கூட்டத்துக்கென்று ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைத் துடைக்காமலே கட்டிப்பிடித்தாள். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன், அதற்குள் ஒரு துண்டை வாயில் வைத்து, "உப்புக் காணுமோ அக்கா?" என்றாள். போதும் என்று தலையாட்டினேன். கேட்க வந்த மன்னிப்பு ரோல்ஸோடு உள்ளே போய்விட்டது.

ஒரு மணிக்குக் கூட்டம், ஒரு விளையாட்டுக் கழக மண்டபத்தில். என்னைப் போன்ற பார்வையாளருக்குப் பின்வரிசை. இந்த நாட்டுக் கூட்டம் அல்லவா, முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டு. பிறகு ஆளுக்கு ஐந்து நிமிடம். பென்ட் நிதானமாகப் பேசினார், நல்ல மனிதர் என்று பார்த்தாலே தெரிந்தது. ஜசிந்தா எழுந்து, மெதுவாகச் சிலுவை போட்டுக்கொண்டு, டேனிஷில் தொடங்கினாள். "ஒரு முதியவரைக் குளிப்பாட்ட இத்தனை நிமிடம் என்று தாளில் எழுதுபவர்களை எனக்குத் தெரியாது. என்னைச் சபைக்கு அனுப்புங்கள். அவர்களில் ஒருவரையாவது கூட்டிவந்து, என்னோடு நின்று ஒருவரைக் குளிப்பாட்டச் சொல்வேன்." நான் கொப்பியை மூடிவிட்டேன். என் தங்கச்சிக்கு இப்படிப் பேசத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

துண்டுக் கடதாசியில் பேரை எழுதிப் பெட்டியில் போட்டார்கள். எண்ணி முடித்துத் தலைவர் வாசித்தார்: பென்ட் முப்பத்தாறு, ஜசிந்தா முப்பத்தைந்து.

தோற்றுவிட்டாள். ஆனால் இருபத்தெட்டு அல்ல, முப்பத்தைந்து! என் கணக்குப் பிழைத்துப் போனதற்காக நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. பென்ட் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார். அவருக்கே முகம் வெளிறியிருந்தது.

மாலை 5.10க்குத் திரும்பும் ரயில். ரயில் மேடையில் நாங்கள் இரண்டு பேரும்தான்.

"ஒரே ஒரு வோட்டடி" என்று அங்கலாய்த்தேன். "ஆரெண்டு தெரிஞ்சா வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டிருப்பன்."

ஜசிந்தா தண்டவாளத்தைப் பார்த்துச் சிரித்தாள். "அது நான்தான் அக்கா."

"என்ன?"

"என்ர கையால என்ர பேரை எழுத வெக்கமாக் கிடந்தது. அதோட, நீங்கள் சொன்னா ஒருநாளும் பிழைக்காதே. எப்பிடியும் தோக்கப்போறன், அவரும் நல்ல மனுசன்தானே எண்டு பென்ட்டின்ர பேரை எழுதிப்போட்டன்."

அந்த ஒரு கடதாசியில் அவள் தன் பேரை எழுதியிருந்தால் முப்பத்தாறு அவளுக்கு, முப்பத்தைந்து பென்ட்டுக்கு. வாக்களித்த எழுபத்தொரு பேரில் என் கணிப்பை நம்பியவள் அவள் ஒருத்திதான். மேடையிலேயே அழுதுவிட்டேன்.

"விடுங்கோ அக்கா, ரெண்டாம் இடம் கிடைச்சிருக்கு" என்று அவள்தான் என் கண்ணைத் துடைத்தாள். "நவம்பருக்கு என்ன சொல்லுறீங்கள்? சபைக்குப் போவனோ?"

"எனக்குத் தெரியாது" என்றேன். கணிப்பு என்று கேட்டவர்களுக்கு நான் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. "நான் வந்து வீடு வீடாத் துண்டுப்பிரசுரம் போடுறன். நீ மட்டும் உன்ர பேருக்கு நேர புள்ளடி போடு."

போக விரும்புகிறவர்களுக்கு: சனிக்கிழமைச் சீட்டை மூன்று கிழமைக்கு முன்பே எடுங்கள். அமைதிப் பெட்டி வேண்டாம். நிலையத்திலிருந்து ஊர் நடுவுக்கு நடந்தே போகலாம். ஆற்றங்கரையில் நடக்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நான் ஒதுக்கவில்லை, நவம்பரில் ஒதுக்குவேன். ஒரு கிழமை விடுமுறைக்கு எழுதிக் கொடுத்தாயிற்று.

மறுநாள் ஞாயிறு, பூசை முடியும் நேரம், தொலைபேசி அடித்தது.

"அக்கா, இண்டைக்கு ஒரு கடதாசியில என்ர பேரைப் பத்துத் தரம் எழுதிப் பாத்தன்."

"கை கூசேல்லையோ?"

"முதல் மூண்டு தரம் கூசினது" என்றாள்.