வாளிக்குப் போன மீன்

எங்கள் வீட்டு மீன் தொட்டியைக் கழுவ மாதம் ஒருமுறை புனேயின் கசார்வாடியிலிருந்து ஒருவர் மொபெட்டில் வருவார். காதோரம் நரைத்த ஒல்லியான தமிழர். வந்ததும் தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அணைத்திருக்கும் டிவியின் கண்ணாடியில் மீன்கள் தெரிவதைக் கால் மணி நேரம் பார்ப்பார். நேராகப் பார்த்தால் தீனி கேட்டு வந்து நின்றுவிடும், சண்டை தெரியாது என்பார்.

எங்களிடம் இருந்தவை உள்ளங்கையைவிடப் பெரிய இரண்டு ஆஸ்கர் மீன்கள். ஒருமுறை பெரியது சின்னதன் வாலைக் கடித்துக் கிழித்துவிட்டது. நான் சின்னதை எடுத்து வாளியில் விட்டிருந்தேன்.

"அடி வாங்கினத எதுக்கு சார் பால்டில போட்டீங்க?" என்றார்.

"செத்துடுமேன்னுதான்."

"இத எடுத்துட்டா தொட்டி மொத்தமும் தன்னோடதுன்னு அது நெனச்சுக்கும். திரும்ப விட்டீங்கன்னா இன்னும் ஜாஸ்தி அடிக்கும். அடிக்கிறத எடுங்க சார். நாலு நாள் பால்டில கெடக்கட்டும்."

பெரியதை வாளிக்கு மாற்றி, மூச்சு முட்டாமல் காற்றுக் குழாயையும் அதற்குள் விட்டார். சின்னதைத் தொட்டியில் விட்டுவிட்டு, கற்களையெல்லாம் இடம் மாற்றி அடுக்கினார். "திரும்பி வர்றப்ப அதுக்கும் இது புது வீடு" என்றார்.

நான் ரஞ்சன்காவில் ஓர் ஆலையில் பணியாளர் அதிகாரி. சூப்பர்வைசரிடம் கன்னத்தில் அறை வாங்கிய தொழிலாளியை வேறு பிரிவுக்கு மாற்றும் உத்தரவில் அன்று காலைதான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவருடைய நலன் கருதி என்று எழுதியிருந்தேன்.

நாங்கள் புனேயை விட்டுக் கிளம்பும்வரை தொட்டி கழுவ அவர் வந்துகொண்டிருந்தார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.