தண்ணீரில் போட்ட ஓபல்

லென்ஸக்கா தன் சொந்த நாத்தனாருக்கே ஓபல் என்று சொல்லிக் கண்ணாடித் துண்டைக் கொடுத்துவிட்டாளாம். கடையில் பார்த்தபோது கல்லுக்குள் பச்சையும் சிவப்பும் பற்றி எரிந்ததாம். வீட்டுக்குப் போன பிறகு ஒரு நிறமும் இல்லையாம். காகிதத்தில் மடிக்கும்போதே கல்லை மாற்றிவிட்டாளாம்.

இதை லென்ஸக்காவிடமே சொன்னவர், அவள் வேலை செய்கிற கல் கடை இருக்கும் கட்டடத்தின் லிஃப்ட்காரர். அவருக்குச் சொன்னவர் பார்சல் கொண்டுவருகிறவர். பார்சல்காரருக்கு யார் சொன்னார்களாம் என்று கேட்டதற்கு, "எல்லாருந்தான் பேசிக்கிறாங்களேம்மா" என்று பல்லைக் காட்டினார்.

"எல்லாருன்னா யாரு? அவங்களுக்கு மூஞ்சி இல்லையா?"

"என்னை ஏன்மா கடிக்கிறீங்க? நான் மேலயும் கீழயும் போயிட்டு வர்ற ஆளு."

"ஆமா. கூடவே ஊர்வம்பையும் ஏத்தி இறக்குறீங்க. அதுக்குத் தனியா டிக்கெட் போடுங்க."

லிஃப்டை விட்டிறங்கி, மிச்ச மாடிகளைப் படியிலேயே ஏறினாள். அத்தனை கோபம்.

லென்ஸக்கா என்பது கடையில் வைத்த பெயர். வேலை நாளெல்லாம் வலது கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியைச் செருகிச் செருகி, கண்ணைச் சுற்றி ஒரு வளையம் பதிந்துபோயிருந்தது. பில் போடத்தான் வந்தாள். கற்களைத் தரம் பிரிக்கிறவர் ஒருவர் வேலையை விட்டுப் போனபோது, ஆள் கிடைக்கும்வரை பார்த்துக்கொள் என்றார்கள். ஆள் தேடுவதையே பிறகு மறந்துவிட்டார்கள். ஓபல் இழுப்பறை முழுவதும் இப்போது அவள் பொறுப்பு.

கறுப்புத் துணி, ஒரே ஒரு விளக்கு. கல்லை நேராகப் பார்ப்பாள், மெல்லச் சுற்றுவாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் நிறம் அணையாமல் இருக்கிறதா என்று பார்ப்பாள். அப்புறம் பக்கவாட்டில் பார்ப்பாள். பிளேடால் வெட்டியது போல நேர்க்கோடு தெரிந்தால் அது ஒட்டுக்கல், மெல்லிய ஓபல் தகட்டைக் கறுப்புக் கல்மேல் ஒட்டியது. கடைசியாக ஜன்னலோரம். "விளக்குக்கடியில எந்தக் கல்லும் பல்லிளிக்கும். இங்க வச்சுப் பாருங்க" என்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை.

அந்தத் தொழிலில் கற்கள் வெறும் காகித மடிப்பில்தான் கைமாறும். இன்னார் கொடுத்தார் என்ற ஒரு சொல்லை நம்பித்தான் மடிப்பைப் பிரிக்காமலே பைக்குள் வைப்பார்கள். கல்லை மாற்றுகிறவள் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால், அதன் பிறகு எந்தக் கடையிலும் யாரும் அவள் கையில் மடிப்பைக் கொடுக்கமாட்டார்கள். அவளிடம் இருந்ததே அந்தப் பெயர் ஒன்றுதான்.

முதலாளி அவள் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவள் நாற்காலியைக் காணோம்.

"உன் நாத்தனார் கல்லைத் தண்ணில போட்டிருக்கும்" என்றார். "எனக்குப் புரியுது. உனக்குப் புரியுது. காலையிலேருந்து போன் பண்றவங்களுக்கு யாரு புரிய வைக்கிறது?"

"தெரிஞ்ச நீங்களே சொல்லலாமே சார்?"

"நான் சொன்னா, கடையைக் காப்பாத்தப் பேசுறேன்னுவாங்க. அந்தக் கல்லைக் கொண்டு வா. இங்க கண்ணாடி அலமாரியில வைப்போம். நிறம் திரும்புறதை வர்றவங்க எல்லாம் பாக்கட்டும். அதுவரைக்கும் நீ கல்லுல கை வைக்க வேணாம்."

"இத்தனை வருஷம் கை வச்சப்ப இனிச்சுதா?"

முதலாளி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகத்தில் அறைந்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

அவர் சொன்ன அலமாரிக்குள் எப்போதும் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கும். விளக்குகளின் சூட்டில் உள்ளே காற்று வறண்டு, ஓபல் வெடித்துவிடக் கூடாது என்பதற்காக. ஓபலுக்குள் கொஞ்சம் ஈரம் உண்டு. அது சட்டென்று வெளியேறினால் கல் விரிசல் விடும். கல் வாங்க வந்த அன்று நாத்தனார் அந்த டம்ளரையே உற்றுப் பார்த்தாள். ஆனால் வாயைத் திறந்து கேட்கவில்லை. மற்றதற்கெல்லாம் வாய் ஓயாது. "அண்ணி, நீங்க கடைக்குப் பேசுறீங்களா, எனக்குப் பேசுறீங்களா?" என்று கேலி வேறு. தான் எடுத்துக் கொடுத்தது தண்ணீரைக் குடிக்கிற ரகம் என்று லென்ஸக்காவும் சொல்லவில்லை. பென்டன்டில் பதிக்கப் போகிற கல்லை டம்ளரில் போடுவாள் என்று யார் கண்டது?

மாடிப்படித் திருப்பத்தில் நின்று நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"கல்லை என்ன பண்ணின?"

"என்ன அண்ணி, எடுத்ததும் அதட்டுறீங்க? உங்க கடையில வச்சிருக்கிற மாதிரியே பத்திரமாத் தண்ணியில போட்டு வச்சேன். மறுநாள் பாத்தா உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் கண்ணாடி."

"தண்ணி உள்ள போனா அப்படித்தான்டி இருக்கும்! காகிதம் நனைஞ்சா அந்தப்பக்கம் தெரியுதுல்ல, அது மாதிரி. அதுக்கு என்னைத் திருடின்னு ஊரெல்லாம் தண்டோரா போடுவியா?"

"திருடின்னு நான் சொல்லவே இல்ல. கல்லு மாறிடுச்சுன்னுதான் சொன்னேன்."

"யார்கிட்ட?"

"கேட்டவங்ககிட்ட."

"உன்கிட்ட வந்து யாருடி கேட்டாங்க? தெருவுல போறவனைக் கூப்பிட்டு நிறுத்திச் சொல்லியிருப்ப."

"பாத்தீங்களா, பாத்தீங்களா! அண்ணன் உங்களைக் கட்டின நாள்லேருந்து இப்படித்தான். எங்களை ஆளாவே மதிக்கிறதில்ல."

லென்ஸக்காவுக்குத் தலை கொதித்தது. இவள் கல்யாணத்துக்கு நகை எடுக்க வெயிலில் நாயாய் அலைந்தது, இந்தக் கல்லுக்காக இழுப்பறையையே கொட்டிக் கவிழ்த்தது, எல்லாம் ஒரேயடியாகத் தொண்டைக்கு வந்தது.

"முதல்ல அதை எடுத்துக் காய வை! நிறம் தன்னால வரும். அப்ப தெரியும் யாரு யோக்கியம்னு!"

போனை வெட்டினாள். நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி. நாலு பேர் பார்க்க நாத்தனாரை நறுக்கென்று நிறுத்திவிட்டது போல. கைப்பிடியில் சாய்ந்து மூச்சு வாங்கினாள்.

மூச்சு சீராவதற்குள், தான் சொன்னது என்னவென்று உறைத்தது. காய வை என்றாள். எப்படி என்று சொல்லவில்லை.

நிழலில், ஒரு துணிமேல், சில நாட்கள் தொடாமல் விட வேண்டும். அந்தப் பொறுமை இவளுக்கு ஏது? நனைந்த ஷூவுக்குள் ஹேர் டிரையரைச் சொருகுகிறவள். ஈரத் துணியை அடுப்புக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடிக்கிறவள். அதுவும் இப்போது, நிறம் வராது என்று நிரூபிக்கத் துடித்துக்கொண்டிருப்பாள். சூடு பட்டால் கல் சிலந்தி வலையாக விரிசல் விட்டுவிடும். அதன் பிறகு எந்த அலமாரியில் எதை வைத்துக் காட்டுவது?

கூப்பிட்டாள். மணி அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டாள். பாதியில் வெட்டினாள் அந்தப் புண்ணியவதி. தங்கையிடம் பேசுங்கள் என்று தன் கணவரைக் கேட்கலாமென்றால், அவர் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பார், பணியில் போனைத் தொடமாட்டார். 'சூடு காட்டாதே, நிழலில் வை' என்று தட்டி அனுப்பினாள். பார்த்ததாகத் தெரியவில்லை.

"ரோஷம் ஒண்ணுதான் குறைச்சல்" என்று திட்டினாள். யாரை என்று அவளுக்கே தெரியவில்லை. மேலே கதவைத் திறந்து முதலாளி எட்டிப் பார்த்தார். "என்ன, கல்லு வருதா?"

"வருது சார், வருது!" என்று கத்திவிட்டு, மறுபடி எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள்.

"எடுடி. எடுத்துத் தொலை."

மணி அடித்துக்கொண்டே இருந்தது.