எலும்பக்காவின் இரண்டாவது ஆபரேஷன்

கறிக்கடையில் அவளை எல்லோரும் எலும்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தொடை எலும்பை ஒரே போடில் பிளப்பாள், சில்லு தெறிக்காது. புருஷன் கல்லாவில் உட்காருவான், கொழுந்தன் தோலுரிப்பான், வெட்டுக்கட்டை அவளுடையது.

மகள் பிறந்த பிறகு இருமினாலும் சிரித்தாலும் அவளுக்குச் சிறுநீர் கசிந்தது. ஆஸ்பத்திரியில் சிறுநீர்க்குழாய்க்கு அடியில் ஒரு நாடா வைத்துத் தைத்தார்கள். சில வருஷம் நிம்மதி. பிறகு ஒருநாள், முழு ஆட்டைத் தூக்கி மாட்ட முடியாது என்று சொன்னதற்குப் புருஷன் அடிவயிற்றில் உதைத்தான். அந்த வாரமே கசிவு திரும்பிவிட்டது. கத்தியை ஓங்கும்போதெல்லாம் தொடை நனைந்தது. துணி மடித்து வைத்துச் சமாளித்தாள்.

கொழுந்தன் மோப்பம் பிடித்துவிட்டான். கடை நிறையக் கூட்டம் நிற்க, "கட்டையக் கழுவ இனிமே தண்ணியே வேணாம், அண்ணி இருக்காங்க" என்றான். கூட்டம் சிரித்தது. அவன் கை கட்டைமேல் இருந்தது. கத்தி இறங்கி அவன் விரல்களுக்கு நடுவே மரத்தில் நின்றது. ஒரு நகம் காணவில்லை.

"குறி தப்பலடா. அடுத்த தடவ விரலப் பாத்துப் போடுவேன்."

கடையை அடைத்ததும் புருஷன் பெல்ட்டால் விளாசினான். வீங்கிய முதுகோடு மறுநாள் தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டரம்மா சிறுநீர்ப்பையில் தண்ணீர் ஏற்றி இருமச் சொல்லிப் பார்த்தார். "பழைய நாடா பிடிமானம் விட்டுடுச்சும்மா."

"உதைச்சதாலயா?"

"அடிச்சுச் சொல்ல முடியாது. இந்தத் தடவ உங்க வயித்துத் தசைமேல இருக்கற கெட்டிச் சவ்வுலேர்ந்தே ஒரு பட்டை எடுத்துத் தாங்கலா வைக்கிறோம். ரெண்டாவது ஆபரேஷன், முதல் தடவ மாதிரி உறுதி தர முடியாது. சிறுநீர் அடைச்சுக்கிட்டா கொஞ்ச நாள் குழாயோட இருக்கணும்."

"இருந்துட்டுப் போறேன். செய்ங்க."

சிறுநீர் அடைத்துக்கொள்ளத்தான் செய்தது. குழாயும் பையுமாக வீடு வந்தாள். தையல் காயவில்லை, அதற்குள் புருஷன் வந்து நின்றான். "கடையில ஆளில்ல, எந்திரிடி." முடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தான். குழாய் கட்டில் காலில் மாட்டி இழுபட்டதில் உயிர் போய் உயிர் வந்தது. பையில் ரத்தம் இறங்கியது. அவன் மறுபடி வயிற்றுக்குக் காலை ஓங்கினான்.

கைக்கு அகப்பட்டது இரும்புச் சட்டி. ஊன்றியிருந்த காலின் முட்டிக்குக் கீழே, எலும்பு எங்கே விடும் என்று பார்த்துப் போட்டாள். மடக்கென்று சத்தம். அவன் தரையில் உருண்டு அலறினான்.

"கத்து. நல்லா கத்து. நான் இத்தன வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்தேன்ல."

பையைக் கையில் பிடித்தபடியே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள். "அவன் அடிச்சான், நானும் அடிச்சேன். ரெண்டையும் எழுதிக்கங்க" என்றாள். பெண் காவலர் பையைப் பார்த்ததும் பேனாவைப் போட்டுவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினார்.

ஆஸ்பத்திரியில் பிரிந்த தையலைத் திரும்பப் போட்டார்கள். உள்ளே வைத்த பட்டை அசையவில்லை. மகளோடு வேறு வீடு பார்த்தாள், வேறொரு கறிக்கடையில் சேர்ந்தாள். "வெட்டுவேன், தூக்க மாட்டேன்" என்று முதலாளியிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள். சிறுநீர் இப்போது மெதுவாகத்தான் வருகிறது, பெரிய தும்மலுக்கு ஒரு சொட்டு எட்டிப் பார்க்கிறது. துணி மடித்து வைப்பதை விட்டுவிட்டாள்.

அவன்மேல் ஒரு வழக்கு, அவள்மேல் ஒரு வழக்கு, இரண்டும் நடக்கின்றன. சமாதானம் பேச வந்த கொழுந்தனிடம், "கோர்ட்ல பாத்துக்கலாம், வழிய விடு" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.